எல்லாருக்கும் ஒரே பெயர்

– மூணு இடியாப்பம் சாப்பிட்டாங்க பாய்! ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுறதுக்குள்ள அம்மா பசிக்குதுன்னுட்டாங்க. மூச்சு வாங்கல, கால் வீக்கம் வத்திருச்சு. நர்சுங்கள ஒவ்வொருத்தரா பேரு சொல்லித் திட்டிக்கிட்டு இருக்காங்க.

– அல்ஹம்துலில்லாஹ்! தாயம்மாக்கா திட்டுறாங்கன்னா நல்லாயிட்டாங்கன்னு அர்த்தம். உக்காரு தங்கச்சி, உக்காரு. என்ன குடிக்கிற?

– கோப்பி ஓ, பாலில்லாம. சீனி வேணாம்... இல்ல, இன்னிக்கு போடுங்க. நெறையவே போடுங்க. ரெண்டு நாளா நான் ஒழுங்கா மூச்சே விடல பாய்.

– நான் மட்டும் விட்டேனாக்கும்? செவ்வாக்கிழமையிலேர்ந்து இந்தக் கடையில நான் கலக்குற டீ ஒண்ணுக்கும் ருசியில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறானுங்க. மத்த பத்து பேரும் அன்னிக்கே தேறிட்டாங்க. உங்கம்மா ஒருத்தங்கதான் என் நெஞ்சுல ஏறி உக்காந்திருந்தாங்க. இந்தா கோப்பி. அந்தக் கம்ப்யூட்டர மூடி வெச்சிட்டு நிம்மதியா குடி.

– மூட முடியாது லா. அஞ்சு மணிக்கு சபாக் டவுன்ல கமிட்டி மீட்டிங். அதுக்கு முன்ன தலைவரு நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும். பத்து நிமிஷ வேலை, இங்கயே முடிச்சிருவேன்.

– எதுக்குச் சரி?

– நம்ம டயாலிசிஸ் சென்டரு சர்வர்ல, ரூட்ங்கிற பேருல யாரும் நேரா உள்ள வர முடியாம அடைக்கப் போறேன்.

– எனக்கு விளங்குற மாதிரி சொல்லும்மா. சர்வர் தெரியும். பேஷண்டுங்க லிஸ்ட்டு இருக்கிற மெஷினு, சைபர்ஜெயாவுல வாடகைக்கு எடுத்தோம். இந்த ரூட்டு யாரு?

– ஆளு இல்ல பாய், அடோய்! மெஷினுக்கு அதுதான் முதலாளி பேரு. அந்தப் பேருல உள்ள போனா எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காது. இப்ப நம்மகிட்ட நாலு பேரு இருக்கோம். நீங்க, நான், கிளார்க்கு ஷஃபீகா, வேன் ஓட்டுற செல்லையா அண்ணன். நாலு பேருக்கும் அதே ரூட், அதே பாஸ்வேர்டு. எங்கேர்ந்து வேணும்னாலும் நேரா நுழையுறோம். பாஸ்வேர்ட யாரோ காலண்டருக்குப் பின்னால வேற எழுதி மாட்டி வெச்சிருக்காங்க.

– நான்தான் எழுதுனேன். மறந்துருதுல்ல.

– நல்லா இருக்கு. இனிமே அவங்கவங்க சொந்தப் பேருல, சொந்தச் சாவியோட உள்ள வரணும். முதலாளி வேலை இருந்தா உள்ள வந்த பிறகு அந்த அதிகாரத்த எடுத்துக்கலாம். ஆனா வாசல்ல பேரு எழுதியிருக்கும். யாரு வந்தா, எப்ப வந்தா, என்ன செஞ்சா, எல்லாம் தெரிஞ்சிரும். சரியா?

– வேணாம்.

– என்ன பாய், யோசிக்காமயே வேணாம்ங்கிறீங்க?

– யோசிச்சுத்தான் சொல்றேன். செவ்வாக்கிழமை காலையில என்ன நடந்துச்சு, நெனைச்சுப் பாரு. வேன்ல ஏத்த வேண்டியவங்க லிஸ்ட்டு காலி. நாலரைக்கு செல்லையா போனைப் பார்த்தாரு, ஒரு பேரும் இல்ல. இன்னிக்கு லீவு போலன்னு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டாரு. பதினொரு பேரு அவங்கவங்க வீட்டு வாசல்ல உக்காந்து வேனுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. நீ உன் வேலைக்கு கோலாலம்பூர் ஆபீசுக்குப் போற வழியில ஹைவேல மாட்டிக்கிட்ட. அப்ப ஷஃபீகா வீட்டுலேர்ந்தே நேரா உள்ள போயி, பழைய பேப்பரப் பார்த்து எல்லாப் பேரையும் திரும்ப அடிச்சுக் குடுத்தா. கதவு தொறந்து கெடந்ததாலதான அவளால நுழைய முடிஞ்சுச்சு?

– அவ பேருலயே சாவி இருந்தாலும் நுழைஞ்சிருப்பா பாய்.

– அந்தச் சாவி தொலைஞ்சா? போனு தண்ணில விழுந்தா? நீ ஊருல இல்லன்னா? விடும்மா. இருக்கிறபடி இருக்கட்டும்.

– கதவு அப்படித் தொறந்து கெடந்ததாலதான் லிஸ்ட்டே போச்சு! அத மறந்துட்டீங்களா? மெஷின்ல என்ன எழுதியிருக்குன்னு ஷஃபீகாகிட்ட போன்ல கேட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம் ரூட் அழிச்சதுன்னு எழுதியிருக்காம். ரூட்னா யாரு? நாலு பேருல யாரோ ஒருத்தரு. இத வெச்சுக்கிட்டு நான் யாரைப் போயி கேக்க?

– யாரையும் கேக்க வேணாம். ரூட்டுன்னு ஒரு ஆளு செஞ்சிட்டாரு. முடிஞ்சுது கதை.

– அவரு ரொம்ப நல்ல ஆளு பாய். எது நடந்தாலும் தலையக் குனிஞ்சுக்கிட்டு வாங்கிக்கிறாரு.

– சிரிக்காத, கேளு. இந்தக் கடையில கிளாஸ் ஒடஞ்சா யாரு ஒடச்சதுன்னு நான் கேக்க மாட்டேன். எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். ஒரு தடவ அவரு கத்திக் கேட்டாரு. கேட்டதுக்கு பயந்து ஒருத்தன் ஒடஞ்ச துண்ட பாத்திரம் கழுவுற தண்ணிக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டான். அடுத்து கையவிட்டவருக்கு நரம்பு அறுந்து போச்சு. அன்னியோட வாப்பா கேக்கறத நிறுத்திட்டாரு. இப்ப கிளாஸ் ஒடஞ்சா, ஒடச்சவனே சத்தம் போட்டு எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டுக் கூட்டி அள்ளுறான்.

– நல்ல வழக்கம்தான். இங்க ஒடஞ்சது கிளாஸ் இல்ல பாய். பதினொரு பேரோட ரத்தம். இங்க யாரும் சத்தமும் போடல, கூட்டவும் வரல. மூணு நாளாகுது, வாயத் தொறக்கல.

– தொறக்க முடியாத நெலமையா இருக்கலாம்.

– அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் அம்மாவ சாகக் கெடத்துன கை எதுன்னு எனக்குத் தெரியணும்.

– தெரிஞ்சு என்ன செய்வ?

– வேலைய விட்டு அனுப்பச் சொல்லுவேன். ஆஸ்பத்திரி எமர்ஜென்சில அம்மா படுக்க முடியாம உக்காந்தபடியே மூச்சுக்கு இழுத்தாங்க பாய். நான் கையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அழிச்ச ஆள நான் மன்னிக்கவே மாட்டேன். அது யாருன்னு எனக்கு ஓரளவு தெரியும் வேற.

– யாரு?

– ஷஃபீகா. வேற யாரு? திங்கக்கிழமை சாயங்காலம் சென்டரு ஆபீசுல அவ மட்டும்தான இருந்தா. கமிட்டி செக்ரட்டரி சிவானந்தமும் அதேதான் சொல்றாரு. இன்னிக்கு மீட்டிங்ல அவள நிறுத்தச் சொல்லி அவரு கடிதமே எழுதி வெச்சிட்டாரு.

– தப்பு! ரொம்பத் தப்பு ரூபினி. ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு இந்த ஒரு சம்பளத்துலதான் ஓடுது. செவ்வாக்கிழமை பசியும் பட்டினியுமா நின்னு எல்லாத்தையும் சரி பண்ணவ அவ. அவளப் போயி...

– அப்ப அவ இல்லன்னு எப்படிச் சொல்வீங்க? எல்லாரும் ஒரே பேருல நுழைஞ்சா கடைசியில பழி எளச்சவங்க தலையிலதான் விடியும். சொந்தப் பேரு இருந்திருந்தா, இந்நேரம் அந்தப் பேரக் காட்டி அவ கம்பீரமா நின்னிருப்பா. நீங்க ஆள மறைக்கிறதா நெனைச்சுக்கிட்டு அவளத்தான் மாட்டி விடுறீங்க.

– சரி. அப்படின்னா மீட்டிங்ல நான்தான் அழிச்சேன்னு சொல்லிடறேன்.

– யாரு, நீங்க?

– ஏன், எனக்குப் பாஸ்வேர்டு இருக்குல்ல?

– பாய், நீங்க ஒரு வாட்சாப் படத்த அடுத்தவங்களுக்கு அனுப்பவே என்கிட்ட குடுத்து அனுப்பச் சொல்ற ஆளு. சர்வர்ல நுழைஞ்சு லிஸ்ட்ட அழிச்சேன்னு சொன்னா கமிட்டி எழுந்து நின்னு கை தட்டும்.

– தட்டட்டும். பேசிப் பேசி இந்த மாசத்தோட மறந்துடுவாங்க.

– எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறீங்க? அன்னிக்கும் இப்படித்தான். கேட்டா மழுப்புறீங்க. லிஸ்ட்டு இல்லன்னு ஆறு மணிக்கே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? எனக்கே ஷஃபீகா ஏழு மணிக்குத்தான் சொன்னா.

– ஒரு பேஷண்டு வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு.

– எந்த வீட்டுலேர்ந்து?

– வந்துச்சும்மா. உடனே கடை வேன எடுத்துக்கிட்டு நான் கெளம்பிட்டேன், என் தம்பியும் கார எடுத்துக்கிட்டான். செல்லையாவ எழுப்பி விட்டோம். பாகான் நக்கோடா ஓமார் கிராமம் வரைக்கும் ஓடி ஒவ்வொருத்தரா அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தோம்.

– அதுக்கு என்னிக்கும் நன்றி பாய், இல்லைன்னு சொல்லல. ஆனா மனசுல இருக்கிறத கேட்டுடறேன். எங்க வீடு இந்தா, இந்தக் கடையிலேர்ந்து மூணாவது சந்து. எங்கம்மாவ ஏன் கடைசியா ஏத்துனீங்க? பதினொரு டயாலிசிஸ் மெஷின்ல பத்துல ஆளு ஏறிட்டாங்க, ஒண்ணு ரிப்பேரு. அடுத்த ஷிப்டு ஆளுங்களும் வந்துட்டாங்க. அம்மா பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, சாயங்காலம் வரைக்கும்!

– வண்டி போன வழி அப்படிம்மா.

– இதுல வேற, ஏழேகாலுக்கு நான் ஹைவேலேர்ந்து கூப்பிட்டா, வேன்ல போய்க்கிட்டு இருக்கேன்டின்னாங்க. மத்தியானம் கூப்பிட்டா, மெஷின்ல படுத்திருக்கேன், பேசாத, போன வைன்னாங்க. பெஞ்சுல உக்காந்துக்கிட்டு! அதத்தான் என்னால இன்னமும் நம்ப முடியல.

– கோப்பி ஆறுது.

– ஆறட்டும். நான் உள்ள போயி அந்தப் பதிவ முழுசா பாக்கப் போறேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல இன்னும் என் கண்ணால பாக்கல.

– இப்ப எதுக்கு? கதவ அடைக்கணும்னா அடைச்சுக்க. நான் சரின்னு சொல்லிட்டேன், போதுமா? பழசத் தோண்டாத.

– இது என்ன பாய், இவ்வளவு நேரம் வேணாம்னீங்க, இப்ப சட்டுன்னு சரிங்கிறீங்க?

– சரின்னா சரி. எழுதிக்க. அடைச்சிரு.

– பேருல ரூட்னுதான் இருக்கும். ஆனா எந்த இன்டர்நெட் லைன்லேர்ந்து வந்தாங்கன்னு ஒரு நம்பரும் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பரு. ஷஃபீகாவுக்கு அதப் படிக்கத் தெரியாது. சென்டரு நம்பரு எனக்கு மனப்பாடம். அது இருந்தா ஷஃபீகா. இல்லன்னா அவ இல்ல. அவ நல்லதுக்கும்தான் பாக்குறேன்.

– ரூபினி.

– ஒரு நிமிஷம் பாய்.

– தங்கச்சி, சொல்றதக் கேளு. உங்கம்மா நல்லாயிட்டாங்க. பதினொரு பேரும் நல்லா இருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும் நமக்கு?

– இந்தா வந்திருச்சு. திங்கக்கிழமை. சாயங்காலம் அஞ்சு பத்துக்கு ரூட் உள்ள வந்திருக்கு. அஞ்சு பதிமூணுக்கு லிஸ்ட்டு அழிஞ்சிருக்கு. நம்பரு... சென்டரு இல்ல.

– பார்த்தியா? ஷஃபீகா இல்ல. மூடு.

– சென்டரு இல்ல. உங்க கடை லைன்ல இப்ப நான் இருக்கேன், இதுவும் இல்ல. செல்லையா அண்ணன் வெறும் போன்ல வர்ற ஆளு, அந்த மாதிரியும் இல்ல. இது... பாய்.

– சொல்லும்மா.

– இது எங்க வீடு.

– ம்.

– அன்னிக்கு எனக்கு லீவு. அஞ்சு பத்துக்கு நான் எங்க வீட்டுச் சமையக்கட்டு மேசையில உக்காந்து... பழகுறதுக்குன்னு ஒரு மெஷின் வெச்சிருக்கேன், ஷஃபீகாவுக்குச் சொல்லிக் குடுக்க. அதுலயும் அதே பேருங்கள நகல் எடுத்துப் போட்டிருந்தேன். அத அழிக்கத்தான் உக்காந்தேன். கம்ப்யூட்டர்ல ரெண்டு கறுப்பு ஜன்னலு தொறந்திருந்துச்சு. ஒண்ணு பழகுற மெஷின், ஒண்ணு நெச மெஷின். ரெண்டுலயும் மேல ரூட்னுதான் இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி.

– ம்.

– நான் தப்பான ஜன்னல்ல அடிச்சிருக்கேன். நான்தான் பாய். நானே.

– தண்ணி குடி. மொதல்ல தண்ணி குடி.

– அந்தப் பொண்ண ரெண்டு நாளா மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்ல. செவ்வாக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரிக்கு எனக்குச் சோறு கொண்டாந்தா. நான் மூஞ்சி குடுத்துப் பேசல.

– அவ தப்பா எடுத்துக்கல. அக்கா பயத்துல இருக்காங்கன்னு சொன்னா.

– நான் அழுறேன்னு நெனைக்காதீங்க. இல்ல, அழுறேன்தான். ஆனா என்னமோ... சிரிப்பும் வருது. ஷஃபீகா இல்ல, பாய்! நல்லவேளை, நல்லவேளை நான் பார்த்தேன். பாக்காம அஞ்சு மணிக்கு அங்க போயிருந்தா நானே கைய தூக்கி அவள வெளிய அனுப்பியிருப்பேன்.

– அதுக்குத்தான் நான் அழிச்சேன்னு சொல்றேன்னேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நான் சொல்லிடறேன், நீ சும்மா உக்காந்திரு.

– வேணாம். நான்தான்னு நானே சொல்லப் போறேன். என் பேரச் சொல்லி. வேலைய விட்டு நிறுத்தணும்னா என்ன நிறுத்தட்டும்.

– சம்பளமே வாங்காம செய்யிறவள எதுலேர்ந்து நிறுத்துவாங்க? சிவானந்தம் அந்தக் கடிதத்தத் திரும்ப மடிச்சு பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுப் போவாரு. நான் பாத்துக்கிறேன்.

– இருங்க, இத முடிச்சிடறேன். இந்தா ஷஃபீகா பேரு போட்டாச்சு. செல்லையா அண்ணன். ஹாஜா. ரூபினி. நாலு பேருக்கும் தனித்தனி. என் பேருல உள்ள போயி பார்த்துட்டேன், வேலை செய்யுது. இனி நெச மெஷின்ல நுழைஞ்சா ஜன்னலு செவப்பா இருக்கும், பழகுறது கறுப்பு. இப்ப ரூட்ட அடைக்கிறேன்... அடைச்சாச்சு. உங்க போன்ல பழைய பாஸ்வேர்ட அடிச்சு உள்ள போங்க பாக்கலாம்.

– இரு, கண்ணாடி போட்டுக்கிறேன்... அடிச்சேன். இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுது. அனுமதி இல்லையாம்.

– இன்னொரு தடவ.

– அனுமதி இல்லங்குது. கமிட்டி தலைவருக்கே அனுமதி இல்லையா!

– அப்பாடா! இந்த வாரத்துல என் காதுக்கு இதவிட நல்ல வார்த்தை வரல பாய். இன்னொரு கோப்பி குடுங்க. காலண்டரையும் இன்னிக்கே கழட்டிடுங்க.

– கழட்டிடறேன். முட்டை ரொட்டியும் போடச் சொல்றேன். மூஞ்சி இப்பத்தான் மூஞ்சியா இருக்கு.

– ஒரு நிமிஷம். உங்களுக்கு முன்னாலயே தெரியும்ல? எங்க வீடுன்னு நான் சொன்னப்ப நீங்க ஆச்சரியமே படல. ம்னு மட்டும் சொன்னீங்க. யாரு சொன்னா?

– வாக்குக் குடுத்திருக்கேன்மா. நான் சொல்லக் கூடாது. போனு கையிலதான இருக்கு, வீட்டுக்கு அடிச்சுக் கேளு.

– வீட்டுக்கா?... அம்மா? நான்தான்மா. ஸ்பீக்கர்ல இருக்கீங்க, ஹாஜா பாய் பக்கத்துல இருக்காரு.

– ஆங், கேக்குது. பாய்கிட்ட சொல்லு, ஆசுபத்திரில கஞ்சின்னு சுடுதண்ணிய குடுக்குறானுங்க. அவரு கடை ரசத்த கொஞ்சம் தாப்பாவ் கட்டிக்கிட்டு வா. உப்பு கம்மியா.

– அம்மா, திங்கக்கிழமை அந்த லிஸ்ட்ட அழிச்சது நான்தான்.

– தெரியுமேடி. ஒம்பக்கத்துலதான ஒக்காந்து பயத்தங்கா நறுக்கிக்கிட்டு இருந்தேன். எம்பேரு அதுல இருக்கேன்னு கேட்டேன். அது சும்மா பழகுறதுக்கும்மான்ன. அப்பறம் எல்லாப் பேரும் பொசுக்குன்னு போச்சு.

– தெரிஞ்சா ஏம்மா சொல்லல?

– அன்னிக்கு எனக்கு என்னாத்தடி தெரியும்? நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். காலையில வேனு வராம, எதுத்த வூட்டு நாகமணிக்கும் வரலன்னதும்தான் எனக்கு வெளங்குச்சு. ஓடனே பாய்க்கு போனு அடிச்சேன். எம்மவளுக்கு மட்டும் தெரிய வேணாம்னு சொன்னேன். அது பெரிய குத்தமா?

– எங்கிட்ட வேன்ல போறேன்னு பொய் சொன்னீங்களே!

– நீ காரு ஓட்டிக்கிட்டு இருந்தடி. சொல்லியிருந்தா எங்கியாவது கொண்டு போயி வுட்டிருப்ப.

– சரி, பாய்க்கு மொதல்ல போன் அடிச்சதே நீங்க. அவரு கடையும் பக்கத்துலதான். அப்பறம் ஏம்மா உங்கள கடைசியா வந்து ஏத்துனாரு?

– அவரு மேல பழி போடாத. வேனு மொதல்ல நம்ம வூட்டு வாசலுக்குத்தான்டி வந்துச்சு. எம்மவ அழிச்ச பேருங்க பத்தும் மொதல்ல போயி சேரட்டும், எம்பேரு கடைசியா இருக்கட்டும்னு நான்தான் திருப்பி அனுப்புனேன்.